முகப்பா, உறையா? – தமிழ் இதழ் அட்டைகளின் அமைப்பும் கலைச்சொற்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

முன்னுரை



தமிழில் 1831ஆம் ஆண்டு 'தமிழ் மேகஸின்' வெளிவந்தது. அன்று தொடங்கிய தமிழ் இதழியலின் வரலாறு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளைத் தொடுகின்றது. இவ்வரலாற்றை எழுதியோர் இதழாசிரியர்களின் பணிகளை விரித்துரைத்துள்ளனர். இதழ்களில் வெளிவந்த கதைகளையும் கவிதைகளையும் தொகுத்து நூலாக்கியுள்ளனர். ஆயினும், வாசகரின் கண் முதலில் படும் பக்கமாகிய அட்டையைப் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவாகவே உள்ளன. அட்டையைப் பற்றிப் பேசுவதற்குரிய சொற்கள்கூட இன்னும் நிலைபெறவில்லை.

இதழின் அட்டை என்பது உள்ளே இருப்பதைப் பொதிந்து தரும் உறையா? அல்லது இதழின் உறுப்புகளுள் ஒன்றாகிய முகமா? இவ்வினாவிற்கு அளிக்கும் விடையைப் பொறுத்தே அவ்வட்டை போற்றப்படுவதும் கிழித்தெறியப்படுவதும் அமைகின்றன. அட்டையின் அமைப்பையும் அதற்குரிய கலைச்சொற்களையும் சில தமிழ் இதழ்களின் வழி ஆராய்ந்து, அட்டை இதழின் முகமே என நிறுவுவது இவ்வுரையின் நோக்கமாகும்.

ஒரு பொருளுக்குப் பல பெயர்

ஓலைச்சுவடிக்கு அட்டை இல்லை. சுவடியின் மேலும் கீழும் மரச்சட்டங்கள் இரண்டினை வைத்துக் கயிற்றால் கட்டுவர். அச்சட்டங்களின் பணி ஓலையைக் காப்பதே. நூலின் பெயர், எழுதியவர் பெயர், எழுதி முடித்த நாள் முதலியன பெரும்பாலும் இறுதி ஏட்டிலேயே இடம்பெறும். நூலின் பெயரை முன்னே நிறுத்திக் காட்டும் வழக்கம் அச்சுக் கலையோடு வந்ததாகும். ஆகவே, முன்பக்கம் என்னும் கருத்தே தமிழுக்கு அச்சு அளித்த கொடை எனலாம்.

இம்முன்பக்கத்திற்கு இன்று வழங்கும் பெயர்கள் பல. 'அட்டை', 'மேலட்டை' என்பன தாளின் தடிப்பைக் கருதி வந்த பெயர்கள். 'அட்டைப்படம்' என்பது பொதுமக்கள் வழக்கு. அட்டையில் படம் ஒன்று இருந்தே தீரும் என்னும் எதிர்பார்ப்பு இச்சொல்லினுள் அடங்கியுள்ளது. அச்சகத்தாரிடையே நெடுங்காலம் வழங்கியது 'ரேப்பர்' என்னும் சொல். உட்பக்கங்களை 'ஃபாரம்' என்றும், அவற்றின்மீது சுற்றப்படும் தாளை 'ரேப்பர்' என்றும் அவர்கள் அழைத்தனர். பொருளை வாங்கியபின் பிரித்து எறியப்படுவது எதுவோ அதுவே ரேப்பர் என்பது சொல்லின் நேர்ப்பொருள். மிட்டாய்க்கும் சோப்புக்கும் உள்ளது போன்றதோர் உறையே இதழுக்கும் உண்டு என்னும் மனப்பாங்கு இப்பெயரில் வெளிப்படுகின்றது.

இவற்றினின்று வேறுபட்டது 'முகப்பு' என்னும் சொல். செட்டிநாட்டு வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் முன்கட்டு முகப்பு எனப்படும். கழுத்துச் சங்கிலியில் எடுப்பாகத் தெரியும் அணிவில்லைக்கும் முகப்பு என்றே பெயர். இரண்டிலும் முகப்பு என்பது உடைமையின் பிரிக்கவியலாத பகுதியாகும். முகப்பை இடித்துவிட்டு வீட்டைக் காத்தோம் என்று எவரும் கூறார். திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரம் உள்ளத்து உணர்வை முகம் வெளிக்காட்டும் என்பதை எடுத்துரைக்கின்றது. இதழின் உள்ளத்தை வெளிக்காட்டும் பக்கத்திற்கு முகப்பு என்னும் பெயரே பொருத்தமுடையது.

முகப்பின் உறுப்புகள்

முகப்பில் அமையும் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காண்பது தெளிவு தரும்.

முதலாவது, இதழின் பெயர். அச்சகத்தார் இதனை 'டைட்டில்' என்பர். ஆங்கிலத்திலும் இதற்கு ஒரே பெயர் இல்லை. பிரித்தானியர் 'மாஸ்ட்ஹெட்' என்று இதழின் பெயரைக் குறிக்க, அமெரிக்கர் அச்சொல்லை ஆசிரியர் குழுவின் பெயர்கள் அடங்கிய கட்டத்திற்கும் வழங்குகின்றனர்; பெயரை 'நேம்பிளேட்' என்கின்றனர். தமிழில் இதனைத் 'தலைப்பெழுத்து' என வழங்கினால் மயக்கம் நேராது. ஏனெனில், இது வெறும் பெயர் அன்று. ஓவியர் கையால் தீட்டப்பெற்று, மாறாத வடிவம் பெற்ற பெயராகும்.

தமிழ்த் தலைப்பெழுத்தின் சிக்கல்கள் தனித்தன்மை வாய்ந்தவை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. எனவே அளவாலும் தடிப்பாலும் வளைவாலும் மட்டுமே பெயரை எடுப்பாகக் காட்ட இயலும். மேலும், கொக்கியும் புள்ளியும் வரிக்கு மேலே எழும். உகரக் குறிகள் வரிக்குக் கீழே இறங்கும். 'கல்கி' என்னும் பெயரில் ஒரு புள்ளியும் ஒரு கொக்கியும் மேலே செல்கின்றன. கீழே இறங்குவது ஒன்றுமில்லை. 'எழுத்து' என்னும் பெயரிலோ ழுகரமும் துகரமும் கீழே இறங்குகின்றன. 'மணிக்கொடி' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து சொல்லின் அகலத்தைப் பெருக்குகின்றன. இவ்வேற்றத்தாழ்வுகளை ஒரு பட்டைக்குள் அடக்கி, தொலைவிலிருந்தும் அடையாளம் தெரியச் செய்வதே தலைப்பெழுத்து ஓவியரின் திறமாகும்.

இரண்டாவது, சின்னம். ஆனந்த விகடனுக்கு மாலி வரைந்த விகடன் தாத்தாவின் முகம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயரைப் படிக்கத் தெரியாத குழந்தையும் அம்முகத்தைக் கொண்டு ஏட்டை அறிந்துகொள்ளும். மேலைநாடுகளில் 'நேஷனல் ஜியாக்ரபிக்' இதழின் மஞ்சள் சட்டமும், 1927 முதல் 'டைம்' இதழைச் சூழ்ந்துவரும் சிவப்புச் சட்டமும் இப்பணியையே செய்கின்றன.

மூன்றாவது, குறிமொழி. இதழின் கொள்கையைச் சுருங்கச் சொல்லும் தொடர் இது. குறட்பா ஒன்றனையோ பாரதியின் அடி ஒன்றனையோ குறிமொழியாகத் தாங்கிய ஏடுகள் பல.

நான்காவது, மலர், இதழ், திங்கள், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்கும் 'எண்வரி'. இது தனியே விரித்துரைக்கத் தக்கது.

ஐந்தாவது, முகப்போவியம் அல்லது முகப்புப்படம். ஆறாவது, உள்ளடக்கத்தை அறிவிக்கும் 'அட்டை வரி'. அவற்றுள் பெரியது 'தலைமை வரி' எனப்படலாம். ஏழாவது, விலை. எட்டாவது, அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த எண்கள். தொடர் வெளியீடுகளுக்குரிய எட்டு இலக்கப் பன்னாட்டு எண்ணாகிய ஐ.எஸ்.எஸ்.என். முகப்பின் வலது மேல்மூலையில் இடம்பெறுவது பரிந்துரைக்கப்பட்ட முறை. கடை விற்பனைக்கு உதவும் பட்டைக் குறியீட்டில், இதழ்களுக்குரியவை 977 என்னும் எண்ணில் தொடங்கும். ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஐ.எஸ்.எஸ்.என். வேண்டும் என்னும் நிலை வந்தபின், ஓவியத்தைவிட இவ்வெண்ணைத் தேடியே முகப்பைப் பார்ப்போர் தொகை பெருகிவிட்டது.

இவையன்றி உள்ளட்டை, பின்னட்டை, பக்கங்கள் சேரும் முதுகு என்பனவும் உண்டு. நடுவில் மடித்துப் பின் அடிக்கப்பெறும் மெல்லிய ஏடுகளுக்கு எழுத்துத் தாங்கும் முதுகு இல்லை. தீபாவளி மலர் போன்ற தடித்த மலர்களுக்கே அது வாய்க்கும்.

சிலம்பும் பரலும்

மேலே கூறிய உறுப்புகளுள் தமிழர் தம் கற்பனையை முழுமையாகச் செலுத்தியது எண்வரியில்தான் என்பது வியப்பிற்குரியது. ஆங்கிலத்தில் 'வால்யூம்', 'இஷ்யூ' என்னும் இரு சொற்கள் எல்லா இதழ்களுக்கும் பொதுவாக வழங்குகின்றன. தமிழிலும் 'மலர்', 'இதழ்' என்னும் பொது வழக்கு உண்டு. ஓராண்டு வெளியீடு மலராகவும், அதன் ஒவ்வொரு பிரதியும் அம்மலரின் இதழாகவும் உருவகம் பெற்றன. 'இதழ்' என்னும் சொல் பத்திரிகையையே குறிக்கும் நிலைக்கு உயர்ந்தது.

தமிழ்ச் சங்கங்களும் தமிழறிஞர்களும் நடத்திய ஏடுகள் இத்துடன் அமையவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' 1902இல் தோன்றியது. அது 'தொகுதி', 'பகுதி' என்னும் எளிய சொற்களை மேற்கொண்டது. 1923இல் தோன்றிய 'செந்தமிழ்ச் செல்வி' தன் ஆண்டுகளைச் 'சிலம்பு' என்றும், ஒவ்வொரு திங்களின் ஏட்டைப் 'பரல்' என்றும் பெயரிட்டது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' 'துணர்', 'மலர்' எனக் குறித்தது. பாவேந்தரின் 'குயில்' 'குரல்', 'இசை' எனப் பாடியது. பெருஞ்சித்திரனாரின் 'தென்மொழி' 'சுவடி', 'ஓலை' எனப் பழந்தமிழ் நூல் வடிவத்தை நினைவூட்டியது.

இச்சொற்களை ஆராய்ந்தால் இரண்டு நெறிகள் புலனாகும். முதலாவது, இவற்றுள் பல முழுமையும் உறுப்பும் என்னும் உறவு கொண்டவை. பரல் இன்றிச் சிலம்பு ஒலிக்காது. மலர் இன்றித் துணர் இல்லை. ஓலை சேர்ந்தே சுவடி ஆகும். இரண்டாவது, இவை ஏட்டின் பெயரிலிருந்தே பிறந்தவை. செல்வி என்னும் பெண் சிலம்பு அணிகின்றாள். பொழிலில் துணர் பூக்கின்றது. குயில் குரலெடுத்து இசைக்கின்றது. பெயரில் தொடங்கிய உருவகம் எண்வரி வரை முறிவின்றிச் செல்கின்றது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரலும் பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரலும் இருந்தமை அறிந்த வாசகர்க்கு, 'சிலம்பு, பரல்' என்னும் இரு சொற்களே அவ்வேட்டின் தமிழ்ப் பற்றை உணர்த்தப் போதுமானவை.

உலகில் நூலக அட்டவணைக்கு உதவும் வெற்று எண்ணாகக் கருதப்படும் ஒன்றனைத் தமிழர் கவிதையாக்கினர் எனின் அது மிகையாகாது. தமிழ் ஆண்டுப் பெயரையோ திருவள்ளுவர் ஆண்டையோ எண்வரியில் பொறித்த ஏடுகளும் உள. ஏடு நடத்துவோர் எந்தக் காலக் கணக்கில் வாழ விரும்பினர் என்பதற்கு அவ்வரியே சான்றாகும்.

அச்சகமும் பெட்டிக்கடையும்

முகப்பின் அமைப்பை ஓவியர் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அச்சுமுறையும் விற்குமிடமும் தீர்மானிக்கின்றன.

உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் படத்திற்குத் தனியே 'பிளாக்' செய்ய வேண்டும். கோட்டோவியத்திற்கு 'லைன் பிளாக்', ஒளிநிழல் கொண்ட படத்திற்கு 'ஹாஃப்டோன் பிளாக்' எனப் பிளாக் இருவகைப்படும். பல வண்ணம் வேண்டுமாயின் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு பிளாக் செய்து, தாளை மீண்டும் மீண்டும் அச்சில் செலுத்த வேண்டும். 'மூவர்ணச் சித்திரம்' என்று அக்கால ஏடுகள் பெருமையோடு அறிவித்தமைக்குக் காரணம் இவ்வுழைப்பே. வண்ண வேலை நாள் பல கொள்ளுமாதலின், முகப்பு முன்னதாகவே அச்சாகிவிடும். உட்பக்கங்கள் பின்னர் வரும். முகப்போவியத்திற்கும் உள்ளடக்கத்திற்கும் தொடர்பின்றிப் போனமைக்கும், பொங்கற் பானை, நிலவொளி, மழை, கோயிற் குளம் போன்ற என்றும் பொருந்தும் காட்சிகள் மிகுந்தமைக்கும் இது முதன்மையான காரணமாகும். ஆஃப்செட் முறை பரவியபின் வண்ணப் புகைப்படம் எளிதாயிற்று. அன்று முதல் முகப்பு நிகழ்ச்சியை நெருங்கி வந்தது. அட்டை வரிகளும் பெருகின.

விற்குமிடமோ பெட்டிக்கடை. கடையின் முன் கட்டிய கயிற்றில் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். ஒவ்வோர் ஏட்டிலும் வெளியே தெரிவது மேற்பகுதி மட்டுமே. அடுக்கி வைக்கும் கடைகளிலோ இடப்பக்கம் மட்டுமே தெரியும். தலைப்பெழுத்து மேலே, பெரும்பாலும் இடப்பக்கம் தொடங்கி அமைவது இதனாலேயே ஆகும். அழகுக்காக அமைந்தது என்று தோன்றுவது, உண்மையில் கயிற்றின் கட்டளையாகும்.

கயிற்றுக்குக் கட்டுப்படாத ஏடு முகப்பை வேறுவகையில் அமைத்தது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' கடை விற்பனையை நம்பாது சந்தாதாரரை நம்பி நடந்தது. எனவே வழிப்போக்கரின் கண்ணைக் கவரும் தேவை அதற்கு எழவில்லை. கவர்ச்சிப் படம் இன்றி, தன் பெயருக்கேற்ப எழுத்துகளாலேயே முகப்பை அமைத்துக்கொண்டது. படம் இல்லாமையும் ஓர் அறிக்கையே. பின்வந்த சிற்றேடுகள் நவீன ஓவியர்களோடு உறவு கொண்டன. க.மு. ஆதிமூலம் போன்றோரின் கோடுகளும் தீட்டிய எழுத்துகளும் சிற்றேட்டு முகப்பையும் நூல் முகப்பையும் புதியதோர் அழகியலுக்கு இட்டுச் சென்றன.

முகப்பே உள்ளடக்கமாதல்

முகப்பு உள்ளே இருப்பதற்கு விளம்பரம் என்னும் கருத்தை முற்றிலும் மாற்றியவை நகைச்சுவை முகப்புகள். 1928இல் எஸ்.எஸ். வாசன் பொறுப்பேற்றபின் வளர்ந்த ஆனந்த விகடன், பிற்காலத்தில் 'அட்டைப்பட ஜோக்' என்பதைத் தன் மரபாகவே ஆக்கிக்கொண்டது. கோபுலு உள்ளிட்ட ஓவியர்கள் நடுத்தரக் குடும்பத்தின் ஒரு நொடியை முகப்பில் நிறுத்தினர். அதனைக் காண்பதற்கு ஏட்டைத் திறக்க வேண்டியதில்லை. முகப்பு அங்கே எதற்கும் முன்னறிவிப்பு இல்லை. அதுவே ஒரு முழுப் படைப்பு. சோ 1970 ஜனவரியில் 'துக்ளக்' இதழைத் தொடங்கியபோது, முதல் ஏட்டின் முகப்பிலேயே இரு கழுதைகள் உரையாடின. தன்னையே எள்ளி நகையாடிக்கொண்டு வந்த அம்முகப்பு ஏட்டின் இயல்பை ஆசிரியவுரையினும் விரைவாக உணர்த்தியது.

இம்மரபுக்கு முன்னோடி பாரதியார். 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார ஏடு சிவப்புத் தாளில் அச்சாகி, தமிழ் இதழுலகில் கருத்துப்படத்திற்கு இடமளித்தது. தாளின் நிறமே அதன் அரசியலை முதலில் அறிவித்துவிடும். இத்தகைய ஏட்டை நுண்படச் சுருளில் பதிவு செய்யும்போது, அச்சிவப்பு கறுப்பு வெள்ளையாகிவிடுகின்றது. சொற்கள் எஞ்சுகின்றன, நிறம் சொன்ன செய்தி எஞ்சுவதில்லை.

முகப்பு ஒரு கூற்று. அதற்கு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை மறுக்கவியலாதவாறு காட்டியது 1987ஆம் ஆண்டு நிகழ்ச்சி. 1987 மார்ச் 29ஆம் நாளிட்ட ஆனந்த விகடனின் அட்டைப்பட ஜோக், மேடையில் இருப்போரைச் சுட்டிச் சட்டமன்ற உறுப்பினரைப் பிக்பாக்கெட்டுக்காரருக்கும் அமைச்சரை முகமூடிக் கொள்ளையருக்கும் ஒப்பிட்டு நகைத்தது. இதனை உரிமை மீறலாகக் கொண்ட தமிழ்நாடு சட்டமன்றம், ஏட்டின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. அவர் சிறையில் அடைக்கப்பட்டார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் சில நாள்களுக்குள் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில், 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? காசு கொடுத்து வாங்குவோர் மட்டுமே உட்பக்கத்தைப் படிப்பர். முகப்பையோ தெருவில் நடப்போர் அனைவரும் படிப்பர். முகப்பு இதழின் பொதுமேடை. அம்மேடையில் நின்று கூறிய ஒரு நகைமொழிக்காக ஓர் ஆசிரியர் சிறை செல்ல நேர்ந்தது. எறிந்துவிடத்தக்க உறைக்காக எவரும் சிறை செல்வதில்லை.

மல்லிகையின் முகங்கள்

ஈழத்து இதழியலில் முகப்பு வேறொரு தொண்டினைச் செய்தது. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவா, 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். 2012 வரை, 400 இதழ்களைக் கடந்து அது வெளிவந்தது. ஈழத்து எழுத்தாளர், கலைஞர், கல்வியாளர், சமூகத் தொண்டர் ஆகியோரின் உருவங்களை முகப்பில் பொறித்து, அவர்களைப் பற்றிய அறிமுகக் கட்டுரையை உள்ளே வெளியிடுவதை மல்லிகை தன் மரபாகக் கொண்டது. அக்கட்டுரைகள் பின்னர் 'அட்டைப்பட ஓவியங்கள்', 'மல்லிகை முகங்கள்' முதலிய நூல்களாகவும் வெளிவந்தன.

வணிக ஏடுகளின் முகப்பில் திரைக்கலைஞர் வீற்றிருந்த காலத்தில், ஓர் எழுத்தாளரின் முகத்தை முகப்பில் வைப்பது துணிவுடைய செயலாகும். வாழும் காலத்திலேயே ஒரு படைப்பாளிக்குத் தன் மக்களிடையே முகம் அளித்தது மல்லிகை. போராலும் இடப்பெயர்வாலும் நூலகங்களும் வீட்டு நூற்றொகுப்புகளும் அழிந்த ஒரு சமூகத்திற்கு, இம்முகப்புகளின் தொகுதி ஓர் இலக்கிய வரலாறாகவே நிற்கின்றது. முகப்பும் உட்கட்டுரையும் ஒன்றையொன்று நோக்கி நிற்குமாறு அமைந்த இவ்வேட்டில் முகப்பைக் கிழிப்பின் கட்டுரை பாதியாகும்.

பெயரில்லாப் பெண்

முகப்பு எவரைக் காட்டியது என்பதோடு, எவரைப் பெயர் சொல்லாமல் காட்டியது என்பதும் ஆராயத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த வணிக ஏடுகளின் முகப்பில் மிகுதியாக இடம்பெற்றது பெண்ணுருவமே. கோலமிடுபவள், பூத்தொடுப்பவள், குடம் ஏந்துபவள், விளக்கேற்றுபவள் என அவள் பல நிலைகளில் தோன்றினாள். ஓவியரின் கையொப்பம் மூலையில் இருக்கும். ஓவியத்துப் பெண்ணுக்குப் பெயர் இராது. லட்சுமி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன் முதலிய பெண் எழுத்தாளர்கள் அதே காலத்து ஏடுகளில் புகழோடு எழுதினர். உள்ளே பெயருடைய பெண் எழுதிக்கொண்டிருந்தாள்; முகப்பில் பெயரற்ற பெண் நின்றுகொண்டிருந்தாள்.

இதனைக் குறையாக மட்டும் கூறி விடுதல் பொருந்தாது. அம்முகப்புகளில் புடவை கட்டிய முறை, அணிகலன், கூந்தல் முடிப்பு, வீட்டுப் பொருள்கள் ஆகியன நுட்பமாகப் பதிவாகியுள்ளன. பெண்ணைப் பற்றிச் சமூகம் கொண்டிருந்த விருப்பமும் அச்சமும் அவற்றில் உள்ளன. பெண் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு அவை முதன்மைச் சான்றுகளாகும். ஆனால் சான்றுகள் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

கட்டடம் செய்வோர் கத்தி

இங்கேதான் பெயரின் விளைவு தெரிகின்றது. நூலகங்களில் ஓராண்டு ஏடுகளைச் சேர்த்துக் கட்டடம் செய்யும்போது, அட்டைகளை நீக்கிவிட்டு உட்பக்கங்களை மட்டும் தைக்கும் வழக்கம் பரவலாக இருந்துவந்துள்ளது. தொடர்கதைகளைக் கிழித்துத் தொகுத்து வீட்டில் கட்டடம் செய்து வைத்த வாசகர்களும் கதைப் பக்கங்களையே காத்தனர். இதற்குச் செயல்முறைக் காரணங்கள் உண்டு. வழவழப்பான தாளில் பசை நன்கு ஒட்டாது, பின்கள் துருவேறும், அட்டைகள் சேரச் சேரத் தொகுதி தடிக்கும், உள்ளட்டையிலும் பின்னட்டையிலும் விளம்பரமே இருக்கும். கட்டடம் செய்வோரைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களிடம் கொடுக்கப்பட்டது 'ரேப்பர்'. அவர்கள் அதனை நீக்கினர்.

விளைவோ பெரிது. தலைப்பெழுத்தின் வளர்ச்சியை ஆராய்வார்க்குச் சான்று இல்லை. ஓவியர் எவர் என அறிய வழியில்லை. நாளும் விலையும் முகப்பில் மட்டுமே அச்சாகியிருந்தால் அவையும் மறைகின்றன. அட்டைப்பட ஜோக்குகளோ, படைப்புகளாகவே அழிந்துவிடுகின்றன. இலக்கியத்தைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு செய்த செயலே இலக்கியச் சான்றின் ஒரு பகுதியை அழித்தது என்பது வருந்தத்தக்கது.

இதற்கு மாறாக நின்ற பெருமகனார் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் கடன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர் ரோஜா முத்தையா. நூல்களோடு இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் எறிவனவற்றையும் அவர் சேர்த்தார். அச்சேகரிப்பே 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகப் பயன்பட்டு வருகின்றது. எழுத்தைத் தீட்டும் கைக்கு எழுத்தின் வடிவமும் ஒரு செல்வம் என்பது தெரிந்திருந்தது. ஈழத்து ஏடுகளை அட்டை முதல் அட்டை வரை மின்வடிவாக்கிவரும் 'நூலகம்' திட்டமும் பாராட்டிற்குரியது.

செய்யத்தக்கன

இவ்வாய்வின் வழிச் சில செயல்களை முன்மொழியலாம். ஒன்று, நூலகப் பட்டியல்களில் ஒவ்வோர் இதழ்த் தொகுதிக்கும் 'முகப்பு உண்டு', 'முகப்பு இல்லை' என்னும் குறிப்பினைச் சேர்த்தல் வேண்டும். இரண்டு, முகப்போவியர், தலைப்பெழுத்து ஓவியர் ஆகியோரின் பெயர்களை ஆசிரியர் பெயரோடு பதிதல் வேண்டும். மூன்று, மின்படியெடுக்கும்போது முகப்பையேனும் வண்ணத்தில் எடுத்தல் வேண்டும். நான்கு, வீடுகளில் எஞ்சியுள்ள தனி அட்டைகளையும் பழந்தாளுக்குப் போடாமல் நூலகங்களுக்கு அளித்தல் வேண்டும். ஐந்து, தலைப்பெழுத்து, குறிமொழி, எண்வரி, அட்டை வரி, முகப்போவியம் ஆகிய சொற்களை இதழியல் பாடங்களில் ஒரே பொருளில் வழங்குதல் வேண்டும். இலக்கிய வட்டங்கள் இப்பணிகளை மேற்கொள்வதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. உறுப்பினர் வீட்டுப் பரண்களில் தொடங்கினால் போதும்.

முடிவுரை

தலைப்பெழுத்தில் ஓவியரின் கையும், எண்வரியில் புலவரின் கற்பனையும், முகப்போவியத்தில் ஒரு காலத்தின் பார்வையும், அட்டைப்பட ஜோக்கில் ஆசிரியரின் துணிவும் அடங்கியுள்ளமை இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும். அட்டை இதழின் உறையாயின் இவற்றுள் எதற்கும் அங்கே இடமில்லை. முகம் ஆதலினாலேயே அது சிரிக்கவும் சினக்கவும் பிறர் சினத்திற்கு ஆளாகவும் முடிகின்றது.

'கல்கி' போன்ற பழம்பெரும் ஏடுகள் 2020இல் அச்சினை விடுத்து மின்வடிவிற்கு மாறியுள்ளன. பெட்டிக்கடைக் கயிறுகள் வெறுமையாகி வருகின்றன. இனிவரும் தலைமுறை தமிழ் இதழ்களை அறியப்போவது, இன்று காக்கப்படும் படிகளின் வழியாகவே ஆகும். அப்படிகள் முகத்தோடு அவர்களைச் சென்றடைதல் வேண்டும். பத்தாண்டு நிறைவில் இவ்விலக்கிய வட்டம் வெளியிடும் மலருக்கும் ஒரு முகப்பு உண்டு. அம்முகப்பைத் தீட்டிய ஓவியரின் பெயர் உள்ளே பதியப்பெறுமாயின், இவ்வுரையில் வேண்டிய பணி இம்மலரிலேயே தொடங்கியதாகும்.